கேப்டன் வாய் பலித்த கதை

தூத்துக்குடி கஸ்பார் வெளிநாட்டுக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெனிட்டாவுக்கு வந்த இரண்டு வரன்கள் அவர் அளந்த கப்பல் கதைகளாலேயே தட்டிப்போயின. மூன்றாவது சம்பந்தம் முடிகிறவரை வாயைத் திறக்கவே கூடாதென்று மனைவி பிலோமி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து முத்துவேல் சலூனில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்தவர் திரும்பினார். மாப்பிள்ளையின் அப்பா, மணப்பாட்டுச் சந்தியாகு.

“கப்பல்ல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பியளே, அண்ணாச்சி?”

“அப்படி ஒண்ணுமில்ல.”

நாக்கு நுனி அரித்தது. பிலோமியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். அரிப்பு அடங்கவில்லை.

“ஒரே ஒரு தடவைதான். எங்க வெள்ளைக்காரக் கேப்டனுக்குப் பலிக்கிற வாய், பாத்துக்கிடுங்க. ஒருநாள் ஓடிவந்து, ‘கஸ்பார், வி ஆர் இன் ஹாட் வாட்டர்’னாரு. இக்கட்டுல இருக்கோம்ங்கதை வெள்ளைக்காரன் வெந்நீர்ல இருக்கோம்பான். எட்டிப் பாத்தா கடல் கொதிக்கு. மீனெல்லாம் வெந்து மிதக்கு. வாளியை இறக்கித் தூக்கினேன், குழம்பாவே வந்துது.”

“புளி யாரு கரைச்சா?” என்றார் முத்துவேல், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

“நீ சவரத்தைப் பாரு வே. அதுல தப்பிச்சு மூச்சு விடல, ‘நவ் வி ஆர் இன் எ பிக்கிள்’னுட்டாரு. அவ்வளவுதான். கீழ்த்தட்டுல இருந்த எலுமிச்சம்பழம் பூரா வெடிச்சு, மிளகாப்பொடி மூட்டை அவுந்து, கப்பலே ஊறுகாய்ச் சாடி ஆயிட்டு. ஒரு மாசம் ஊறினோம். இன்னைக்கும் என்னைக் கடிக்கிற கொசு, தயிர்சோறு தேடிப் போகுது.”

சந்தியாகு சிரிக்கவில்லை. நுரைக்குள்ளே அவர் முகம் என்ன சொல்கிறதென்றும் தெரியவில்லை. இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் கஸ்பார் நினைத்தார். ஆனால் பாதியில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை.

“படகுல இறங்கி ஒரு ஓடைக்குள்ள ஓடினோம். ‘துடுப்பில்லாம ஓடையில நிக்கோமே’ன்னாரு. பாத்தா துடுப்பைக் காணோம். அகப்பையை எடுத்து வலிச்சேன். வலிச்ச வலியில படகு நின்ன இடத்துலயே நிக்கு, ஓடை திரும்பி மலைமேல ஏறிட்டு.”

“கடல்ல மலை எங்கேருந்து வந்துச்சு?” என்றார் முத்துவேல்.

“அதுக்குள்ள, ‘முன்னால பேய், பின்னால ஆழ்கடல்’னு சொல்லிட்டாரு. எதிர்ல கலங்கரை விளக்கம் ஒசரத்துக்கு ஒரு பேய். முதல் வேலையா கேப்டன் வாயில துணியை அடைச்சேன். பேயை உக்காரவெச்சு, இலை போட்டு, அந்த மீன் குழம்பை ஊத்தினேன். தின்னுட்டு அழுதுட்டு, அண்ணாச்சி. ‘இனி யாரையும் பிடிக்க மாட்டேன், உம்ம கைச்சோறு போதும்’னு காலைப் பிடிச்சுது.”

முத்துவேலின் கத்தி அந்தரத்தில் நின்றது. சந்தியாகு துண்டை எடுத்து நுரையை மெல்லத் துடைத்தார். இதுவும் போச்சு என்று கஸ்பாருக்குத் தோன்றியது. ஜெனிட்டாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வீட்டில் போய் என்ன சொல்வது?

“அந்தப் பேய்க்குக் கொஞ்சம் மாறுகண்ணா?” என்று கேட்டார் சந்தியாகு.

“ஆ... ஆமா.”

“அப்ப அதேதான். இப்ப எங்க வீட்டுப் புளியமரத்துலதான் குடியிருக்கு. நேத்துகூட இறங்கி வந்து, ‘அந்தக் குழம்பைத் தின்னதுல இருந்து வயிறு சரியில்ல’ன்னுச்சு. அதனால கல்யாணத் தேதியை நீங்க வைங்க, சம்பந்தி. பந்திச் சமையலுக்கு மட்டும் நான் ஆள் கொண்டாரேன்.”