கல் வராத கோடை

அகன்ற ஆறு ஒன்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. அத்தியும் மருதமும் அங்கே அடர்ந்து நின்றன. எண்பது குரங்குகள் அதில் வாழ்ந்தன. உண்ணப் பழம் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது. எறிவதற்குக் கல்தான் இல்லை. திட்டு முழுக்க மணலும் வண்டலும்தான்.

கல் இல்லாமல் அங்கே உயிர் வாழ முடியாது. எதிர்க்கரையில் ஒரு சிறுத்தை இருந்தது. அதற்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனால் நீந்தும்போது அதன் தலை மட்டும்தான் வெளியே தெரியும்; ஒதுங்கவும் முடியாது, பாயவும் முடியாது. கரையோர மருத மரத்தில் காவலிருக்கும் குரங்குகள் அந்த நேரம் பார்த்துக் கல்லெறியும். சிறுத்தை திரும்பிப் போய்விடும். அது கரையேறிவிட்டால் பிறகு எந்தக் கல்லும் உதவாது.

கற்களை ஆமைகள் கொண்டுவந்தன. எதிர்க்கரை மலையடிவாரத்தில் கூழாங்கற்கள் ஏராளம். ஆமைகள் முதுகில் பாசியைப் பரப்பி, அதன்மேல் கல்லை ஏற்றி, மெதுவாக நீந்தி வரும். ஒரு கல்லுக்கு ஓர் அத்திப்பழம் கொடுத்தால் போதும். எறிந்து தண்ணீரில் விழுந்த கற்களையும் அவையே மூழ்கி எடுத்துக் கொடுத்தன.

மருத மரத்தில் காவலிருந்தவர்கள் தாழை, நொச்சி என்ற இரு சகோதரிகள். தாழை மூத்தவள்; அவள் மடியில் பால்குடிக் குட்டி ஒன்று இருந்தது. இருவரும் தினமும் காலையில் ஆற்றில் மிதந்து வரும் கட்டைகளின்மேல் கல்லெறிந்து குறி பழகுவார்கள். நொச்சியின் கை சற்றே சுமார். தாழையின் குறி தப்பியதே இல்லை.

திட்டின் நடுவில் ஏழு விளா மரங்கள் இருந்தன. அவற்றைத் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தது முள்ளன் என்ற முள்ளம்பன்றி. கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் அவன் குரங்குகளின் கூட்டத்துக்கு வந்தான். நம் அத்திப்பழம் எல்லாம் அக்கரைக்குப் போகிறதே, என் விளாங்காய் கல்லைவிட எந்த வகையில் குறைந்தது என்று கேட்டான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஆமைகளும் சிறுத்தையும் ஒரே கரையில் வாழ்கின்றன. நாளைக்குச் சிறுத்தை மிரட்டினால் ஆமைகள் கல் கொண்டுவருவதை நிறுத்திவிடும். அன்றைக்கு நம் கையில் என்ன இருக்கும்?”

தாய்க் குரங்குகள் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டன. அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். அது நடக்கக்கூடியதாக இருந்தது. அதனால்தான் எல்லாரும் நடுங்கினார்கள்.

தலைவன் கருமுகன் கெட்டவன் இல்லை. ஆனால் பயம் அவனைத் தூங்கவிடவில்லை. மறுநாளே ஆணை போட்டான். மூன்று நாளைக்குப் பிறகு வெளிக் கல் ஒன்றுகூடத் திட்டில் இறங்கக் கூடாது. மீறிக் கொண்டுவரும் ஆமை மல்லாக்கக் கவிழ்க்கப்படும். இனி நம் மண்ணில் காய்க்கும் விளாங்காய்தான் நமக்கு ஆயுதம்.

அந்த மூன்று நாளும் கரையில் நிற்க இடமில்லை. முதல் நாள் ஒரு கல்லுக்கு ஒரு பழம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ஆமைகள் நான்கு கேட்டன. மூன்றாம் நாள் ஒன்பது கொடுத்தவனுக்குத்தான் கல். பெரிய அத்தி மரங்களை வைத்திருந்தவர்கள் வாங்கி வாங்கி மரப்பொந்துகளில் ஒளித்தார்கள். சகோதரிகளிடம் இருந்தது மெலிந்த ஒரே மரம். அவர்களுக்கு ஐந்து கற்கள் கிடைத்தன.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. காவல் மரத்தடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கற்குவியல் இருந்தது. ஆணை நடப்புக்கு வந்த காலையில் தாழை பார்த்தபோது அதில் பாதி காணோம். எடுத்தது சிறுத்தை இல்லை. அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான்.

விளாங்காயின் விலை முதலில் ஒரு பழமாக இருந்தது. பத்து நாளில் மூன்றானது. பௌர்ணமிக்குள் ஆறானது. கேட்டதற்கு முள்ளன், மரம் ஏழு, குரங்கு எண்பது, நான் என்ன செய்யட்டும் என்றான். அது உண்மைதான். ஆனால் நல்ல காய்களை அவன் வளையின் அடியில் பதுக்கி வைத்திருந்தான். ஆபத்துக் காலத்தில் இன்னும் ஏறும் என்று அவனுக்குத் தெரியும். விளாங்காயில் இன்னொரு குறையும் இருந்தது. தண்ணீரில் விழுந்தால் அது மூழ்காது. மிதந்து ஆற்றோடு போய்விடும். திரும்ப எடுக்கவே முடியாது.

கருமுகன் இன்னோர் ஆணையும் போட்டான். இனிக் கட்டைகளின்மேல் எறிந்து பழகக் கூடாது. ஒரு காயைக்கூட வீணாக்கக் கூடாது. சகோதரிகள் காலை நேரங்களில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நண்பகலில் தாழை தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது நாணலுக்குள்ளிருந்து ஓர் ஆமை தலையை நீட்டியது. அதன் முதுகில் மூன்று கற்கள் இருந்தன. ஒரு கல் பன்னிரண்டு பழம் என்றது. தாழை திகைத்துப்போனாள். முன்பு ஒன்றுதானே என்றாள்.

“கல்லுக்கு இப்போதும் ஒரு பழம்தான். மீதிப் பதினொன்று பயத்துக்கு. முந்தாநாள் என் அண்ணனை உங்கள் ஆட்கள் கவிழ்த்துப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வெயிலில் வெந்து செத்துப்போனான்.”

தாழையிடம் நான்கு பழங்களே இருந்தன. பின்னால் சருகு ஓசை கேட்டது. ஆமை சட்டென்று மூழ்கி மறைந்தது.

எதிர்க்கரைப் பாறையிலிருந்து சிறுத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமைகள் வருவதில்லை என்பதைக் கவனித்தது. ஒருநாள் அது நீரில் இறங்கிப் பாதி தூரம் நீந்தியது. காவல் மரத்திலிருந்து கல்லும் காயும் பறந்தன. அது திரும்பிப் போய்விட்டது. திட்டில் எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். தாழை மட்டும் தண்ணீரையே பார்த்தாள். சிறுத்தையின் மூக்கருகே விளாங்காய்கள் மிதந்து போயின. சிறுத்தையும் அவற்றைத் தலையைத் திருப்பிப் பார்த்தது.

மறுநாளும் அது பாதி வந்து திரும்பியது. தாழை தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“நொச்சி, அது நம்மைப் பிடிக்க வரவில்லை. நம் கையைக் காலி செய்ய வருகிறது.”

அவள் தலைவனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அடுத்த மாதம் புதுக் காய் முற்றிவிடும், அதுவரை பொறுத்துக்கொள் என்றான் அவன். பொந்துகளில் இருக்கும் கற்களைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவன் தன் பொந்தின் வாயை மறைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே சிறுத்தை நீரில் இறங்கிவிட்டது. மரத்தில் இரண்டு கற்களும் ஒரு விளாங்காயும் இருந்தன. அது பாதி தூரம் வந்தது. திரும்பவில்லை. தாழை முதல் கல்லை எறிந்தாள். ஒரு முழம் தள்ளி விழுந்தது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் படக்கூடிய தூரம்தான் அது. ஒரு மாதமாகக் குறி பழகாத கை வேறு யாருடைய கையோ போல இருந்தது. விளாங்காயும் தப்பியது.

நொச்சி கடைசிக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அக்கா, நீ பிள்ளையோடு மேலே ஏறிவிடு. நான் கிட்டப் போய் எறிகிறேன்” என்றாள். தாழை வேண்டாம் என்பதற்குள் அவள் நீரை ஒட்டித் தாழ்ந்திருந்த கிளைக்கு இறங்கிவிட்டாள். அவள் எறிந்த கல் சிறுத்தையின் புருவத்தில் பட்டது. ரத்தம் வழிந்தது. ஆனால் அது நிற்கவில்லை. கரையில் கால் ஊன்றிய அதே வேகத்தில் கிளைக்குப் பாய்ந்தது.

உள் மரங்களில் கூச்சல் எழுந்தது. கல் வைத்திருந்தவர்கள் பதறி எறிந்தார்கள். கற்கள் இலைகளிலும் கிளைகளிலும் பட்டு வீணாகத் தெறித்தன. சிறுத்தை நொச்சியைக் கவ்விக்கொண்டு மீண்டும் ஆற்றில் இறங்கியது. பாரத்தோடு மெதுவாகத்தான் நீந்தியது. அப்போது ஒரே ஒருவர் கரைக்கு ஓடிவந்து எறிந்திருந்தால்கூடப் போதும். யாரும் வரவில்லை. இருக்கும் கல்லும் போய்விட்டால் நாளைக்கு என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தம் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாழை வெறும் கையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிறுத்தை மறைந்த பிறகு அவள் குட்டியைச் சுமந்தபடி கருமுகனின் மரத்துக்கு ஏறினாள். அவள் அழவில்லை.

“ஆமைகள் ஒருநாள் கல்லை நிறுத்திவிடும் என்று பயந்தீர்கள் தலைவரே. அவை நிறுத்தவில்லை. நாம்தான் நிறுத்தினோம்.”

பொந்துக்குள் கையை விட்டாள். உள்ளே நாற்பது கற்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிக் கரையில் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஏறினாள். கருமுகன் தடுக்கவில்லை. அவள் ஐந்தாம் முறை ஏறியபோது அவனும் இரு கைகளிலும் கற்களோடு அவளுக்குப் பின்னால் இறங்கி வந்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பொந்துகளைத் திறந்தார்கள். முள்ளனின் வளையையும் தோண்டினார்கள். அடியில் இருந்த காய்களில் பாதி அழுகிக் கிடந்தன.

அன்றே ஆணையை நீக்கினார்கள். ஆனால் ஆமைகள் உடனே வந்துவிடவில்லை. கருமுகன் எட்டு நாள் தொடர்ந்து நீர்விளிம்பில் போய் நின்று, இனி யாரும் கவிழ்க்க மாட்டோம் என்று கூப்பிட்டுச் சொன்னான். ஒன்பதாம் நாள் இரண்டு ஆமைகள் வந்தன. கல்லுக்கு ஐந்து பழம் கேட்டன. யாரும் பேரம் பேசவில்லை. மழைக்காலம் வருவதற்குள் விலை இரண்டாக இறங்கியது. அதற்குக் கீழே அது இறங்கவேயில்லை. ஆமைகளின் பயம் முழுதாகப் போகவில்லை என்பது அதன் பொருள்.

சிறுத்தை அதன் பிறகு இரண்டு முறை நீந்தி வந்தது. தண்ணீரில் மூழ்கும் கற்கள் தன்னைச் சுற்றிப் பொழிவதைக் கண்டு திரும்பிப் போனது. தாழை இன்னொரு காவல்காரியோடு மீண்டும் குறி பழகினாள். நொச்சி உட்கார்ந்த கிளையில் மட்டும் யாரையும் உட்காரவிடவில்லை.

பயத்தில் உதவி வரும் வழியை அடைப்பவர், பகை வரும் வழியைத் தம் கையாலேயே திறந்துவிடுகிறார்.