நூறு தப்படி நாவல் மரம்

வேட்டைக்கு வில்லைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத அந்தக் காலத்தில், எட்டுமலை நாட்டை உக்கிரப்பெருமாள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் நாடு கடத்துவார். சிரிப்பு வந்தால் கேட்டதைக் கொடுப்பார். எது எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது.

வில் பிடிப்பதில் மட்டும் மனிதர் சூரர். ‘எண்பது தப்படி’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எட்டி வைத்து நடந்தால் சரியாக எண்பதாவது அடியில் அம்பு குத்தி நிற்கும். ஆனால் எதிரே இருப்பது எண்பதா எழுபதா என்று கணிக்க அவருக்குச் சுத்தமாக வராது. அதற்கென்றே தாண்டவராயர் என்ற அதிகாரியை வைத்திருந்தார். அவர் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தூரத்தைச் சொல்வார்.

ராஜாவுக்கு வில் செய்து கொடுத்தவன் கொம்பையா. போன பொங்கலன்று அவன் கொண்டுவந்த வில்லை வளைத்துப் பார்த்த ராஜா, தன் தோளில் கிடந்த சால்வையையே எடுத்துச் சபை நடுவில் அவனுக்குப் போர்த்திவிட்டார். அன்று பிடித்தது தாண்டவராயருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய மைத்துனனும் வில் செய்கிறவன்தான். அவன் செய்த வில்லை அரண்மனையில் அடுப்பெரிக்கக்கூட வாங்கவில்லை.

ஒருநாள் தினைக்காட்டை நாசம் செய்த காட்டுப்பன்றியை வேட்டையாடப் புறப்பட்டார்கள். பக்கத்து நாட்டுத் தூதரும் கூட வந்தார். வில் பழுதானால் பார்த்துக்கொள்ள கொம்பையாவும் பின்னால் நடந்தான். தூரத்தில் ஒரு நாவல் மரத்தடியில் பன்றி நின்றது.

“எவ்வளவு தூரம், தாண்டவராயரே?”

“சரியாக நூறு தப்படி, மகாராஜா.”

ராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஆமாம், என் கண்ணுக்கும் நூறுதான்.”

கொம்பையாவுக்குத் திக்கென்றது. நூறு தப்படிக்குள் என்றால் மரத்து இலை தனித்தனியாகத் தெரிய வேண்டும். இங்கே வெறும் பச்சைத் திட்டுதான் தெரிந்தது. நூற்றைம்பதுக்குக் குறையாது. ஆனால் ராஜாவே நூறு என்ற பிறகு இல்லையென்று சொல்வது யார்? குழம்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று ராஜாவிடம் வாதாடிய சமையல்காரன் போன மாசம்தான் எல்லை தாண்டியிருந்தான்.

அம்பு பறந்தது. பன்றிக்கு வெகு தூரம் முன்னாலேயே மண்ணில் குத்தி நின்றது. பன்றி திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. தூதர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவின் முகம் சிவந்தது. தாண்டவராயர் குனிந்து, “தங்கள் கையில் குறையில்லை, மகாராஜா. வில்லில் வலு இல்லை. நூறு தப்படிகூட எட்டாத வில் ஒரு வில்லா? என் மைத்துனன் ஒருவன் இருக்கிறான்...” என்றார்.

“கொம்பையா, பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடு. உன் பட்டறை இனி இவர் மைத்துனனுக்கு,” என்றார் ராஜா.

வீட்டில் கொம்பையாவின் மனைவி நிறைமாத கர்ப்பிணி. இந்த வெயிலில் மலை இறங்கி அவளை எங்கே கூட்டிப்போவது? ஆனாலும் அவன் புத்தி கலங்கவில்லை.

“உத்தரவு சாமி. என் வில்லு நூறு தப்படி எட்டாதுன்னு தாண்டவராய ஐயாவே சொல்லிட்டாரு. ஆனா அது எந்த இடத்துல தளருதுன்னு தெரியலேன்னா, அடுத்து செய்யிறவரும் அதே தப்பைச் செய்வாரு. இன்னும் ஒரே ஒரு அம்பு விட்டுப் பாருங்க. இந்தத் தடவை நூற்றைம்பதுக்கு விடுங்க. ஐயா அந்த நாவல் மரத்தடியில நின்னு பார்த்துச் சொல்லட்டும்.”

“அங்கே மனுஷன் நிற்கலாமா?” என்றார் ராஜா.

“தாராளமா நிக்கலாம் சாமி. மரம் நூறுல இருக்கு. வில்லு நல்ல வில்லுன்னா அம்பு தலைக்கு மேல போயிரும். கெட்ட வில்லுன்னா பாதியிலேயே விழுந்திரும். எப்படிப் பார்த்தாலும் ஐயாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

தாண்டவராயர் மரத்தையும் வில்லையும் மாறி மாறிப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. கிளம்பினார். ஒவ்வொரு தப்படியாக எட்டி வைத்து நடந்தார். உதடு மட்டும் வேகமாக எண்ணிக்கொண்டிருந்தது. மரத்துக்கு வெகு முன்னாலேயே, குத்தி நின்ற அம்பின் பக்கத்தில் நின்றுவிட்டார். ராஜா வில்லை ஏந்தினார்.

“ஐயா, அங்கேயே நின்னுட்டீங்களே, மரம் இன்னும் தள்ளியில்ல இருக்கு?” என்று கொம்பையா கத்தினான்.

“நூறு இங்கேயே முடிந்துவிட்டதப்பா!” என்று பதில் வந்தது. சொன்ன பிறகுதான் தாண்டவராயருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

ராஜாவின் கை அப்படியே நின்றது. தாண்டவராயரைப் பார்த்தார், அவர் காலடியில் நின்ற தன் அம்பைப் பார்த்தார், அப்பால் நின்ற மரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாணை இழுத்து நூற்றைம்பதுக்கு விட்டார். தாண்டவராயர் குப்புற விழுந்தார். அம்பு அவருக்கு மேலே பறந்துபோய் நாவல் மரத்தின் அடிமரத்தில் தைத்து நின்றது.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தவரிடம், “பன்றிக்கு வாயால் அளந்தீர், உம்முடைய உயிருக்கு மட்டும் காலால் அளந்தீரோ?” என்றார்.

“மகாராஜா, அது வந்து...”

“இனி நீர் அளந்ததெல்லாம் போதும். நாளை முதல் இங்கிருந்து இந்தக் காட்டிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நடந்துபோய், எத்தனை தப்படி என்று அதில் செதுக்கிவிட்டு வாரும். மைத்துனனையும் கூட்டிக்கொள்ளும். உளி பிடிக்க ஆள் வேண்டுமே.”

பிறகு தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கொம்பையாவுக்குப் போட்டார். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. ராஜாவுக்கு இன்னும் ஏதோ உறுத்தியது.

“கொம்பையா, அவர் சொன்னது இருக்கட்டும். என் கண்ணுக்கும் நூறாகத்தானே தெரிந்தது? என் கண்ணுக்கு என்ன தண்டனை?”

“கண்ணு மேல குத்தமில்ல சாமி,” என்றான் கொம்பையா. “நீங்க காதாலதானே பார்த்தீங்க.”

தூதர் இந்த முறை வாயைப் பொத்தவில்லை, வாய்விட்டே சிரித்தார். ராஜா தன் காதைத் தானே பிடித்து ஒரு திருகு திருகிக்கொண்டு, அவரோடு சேர்ந்து சிரித்தார்.