லீவுன்னா என்னங்?

பாவாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டும் வேலை. அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த ஆக்னஸுக்கு இருபத்தாறு வயது. கம்பெனிப் பெண்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், ஒரு தையல் கடையின் மாடியில் அவள் வகுப்பு நடத்தினாள்.

அந்த ஞாயிறு பாவாத்தாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். நோட்டை மேசைமேல் எறிந்தாள்.

"ஏனுங் டீச்சர், லீவுன்னா என்னங்?"

"விடுமுறை, அக்கா."

"அப்படித்தானுங் சொல்லிக் குடுத்தீங்க. அதை நம்பிப் பதினோரு பேர் வயித்துல மண்ணைப் போட்டுட்டு வந்து நிக்கறனுங்."

நடந்தது இதுதான். போன வாரத்துக்கு முந்தின வாரம், பழைய ஆட்கள் பன்னிரண்டு பேரை ஹெச்.ஆர். ஆபீசர் கூப்பிட்டார். ஆர்டர் இல்லை, பத்து நாள் லீவு என்று ஆளுக்கொரு இங்கிலீஷ் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மற்றவர்கள் தயங்கினார்கள். பாவாத்தாள்தான் தாளை வாங்கி எழுத்துக் கூட்டினாள். எல், இ, ஏ, வி, இ. ஆறு மாதப் படிப்பில் நெஞ்சில் நின்ற சொல்.

"லீவுன்னுதான் போட்டிருக்குது, போடுங்கடி" என்று முதல் கையெழுத்தை அவளே போட்டாள். மற்ற பதினோரு பேரும் அவளை நம்பிப் போட்டார்கள்.

லீவு முடிந்து வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வேலையை விட்டுப் போகிறோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"வேலையை விடறதுக்கும் அதே வார்த்தையாமா! ஒரு வார்த்தைக்கு எத்தனை மூஞ்சிங்? திருட்டு பாஷை! அதைச் சொல்லிக் குடுக்க நீங்க ஒரு டீச்சர்!"

ஆக்னஸ் எழுந்து போர்டில் அந்தச் சொல்லை எழுதினாள். அதன் கீழே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். விடுமுறை. புறப்படு. விட்டுவிடு. மிச்சம் வை. அனுமதி.

"இத்தனையும் அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஒண்ணோட நிறுத்திட்டேன். அது என் தப்புதான்க்கா."

பாவாத்தாள் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கென்று வந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆபீசர் உங்ககிட்ட எந்த பாஷையில பேசினார்?"

"தமிழ்லதானுங்."

"என்ன சொன்னார்?"

"பத்து நாள் லீவுன்னாரு. வெள்ளிக்கிழமை காலைல நேரத்துக்கு வந்துருங்கன்னாரு."

"வந்துருங்கன்னு சொன்னாரா?"

"சொன்னாருங். சிரிச்சுக்கிட்டே..."

பாவாத்தாள் பாதியில் நிறுத்தினாள்.

"அட நாசமாப் போறவனே" என்றாள் மெதுவாக.

ஆக்னஸ் மேசைமேல் கிடந்த நோட்டை விரித்து, பேனாவையும் நீட்டினாள். "லேபர் ஆபீசுக்கு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பாவாத்தாள் உட்கார்ந்தாள். 'ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கினாள். 'எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாத காரணத்தால்' என்று அடுத்த வரியை எழுதும்போது ஆக்னஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியாததை எழுதாதீங்கக்கா. சிரிச்சுக்கிட்டே வரச் சொன்னாரே, அவருக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."