ஒன்பதூர்க் கடலையும் ஒரு மாந்தோப்பும்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் நான் பேர் சொல்லாத ஒரு நாட்டில், நாக்குக்கு அடிமையான ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வழக்கு என்று வந்தால் நியாயம் சொல்வார், மழை பொய்த்தால் வரி கேட்க மாட்டார். ஆனால் இனிப்பைக் கண்டுவிட்டால் மட்டும் கிரீடம் எங்கே, தலை எங்கே என்று அவருக்குத் தெரியாது.

ஒரு வைகாசியில் பக்கத்து நாட்டு ராஜா ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். நம் ராஜா கடித்த கடியில் சாறு முழங்கை வரை வழிந்தது. கூடை காலியானதும் கடைசிக் கொட்டையைச் சப்பிக்கொண்டே சபையில் சொன்னார்: "இந்தப் பழம் காய்த்த தோப்பு எனக்கு வேண்டும். ஈடாக நம்மிடம் எது உதவாமல் கிடக்கிறதோ, அதைக் கொடுத்துவிடலாம்."

பிரதானி திருமேனிநாதர் இந்த வார்த்தைக்கே காத்திருந்தவர் போல எழுந்தார். "மகாராஜா, தெற்கெல்லையில் கரிசல் ஒன்பதூர் இருக்கிறது. ஆறு கிடையாது, சோலை கிடையாது. பெய்தால் சேறு, காய்ந்தால் வெடிப்பு. அங்கே விளைவது வெறும் நிலக்கடலை. நல்ல பயிரெல்லாம் சூரியனைப் பார்த்துக் காய்க்கும். அதுவோ வெட்கப்பட்டு மண்ணுக்குள் போய்க் காய்க்கிறது. அந்தச் சீமையைத் தள்ளிவிடலாம்."

சபை சிரித்தது. விகடகவி இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் சிரிக்க வைப்பது அவன் தொழில். ஆனால் ஒன்பதூர் அவன் பிறந்த மண். அரண்மனைக்கு வந்து ஐந்து வருடமாகியும் அவன் குதிகால் வெடிப்பிலிருந்து அந்தக் கரிசல் போகவில்லை. போகச் சொல்லி அவன் தேய்த்ததும் இல்லை.

பிரதானியின் உள்நோக்கமும் அவனுக்கு விளங்கியது. வேற்று நாட்டான் சபையில் உட்காரக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம். ஒன்பதூர் கைமாறினால் இருளப்பன் வேற்று நாட்டான். ராஜா இவன் பேசினால் சிரிப்பதும், பிரதானி பேசினால் கொட்டாவி விடுவதும் அந்த மனிதருக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். இவர் ஒரு தோப்பையே அடிக்கப் பார்த்தார்.

இருளப்பன் எழுந்து கும்பிட்டான். "மகாராஜா, விற்கப்போகிற மாட்டைக்கூட ஒரு வேளை கறந்து பார்த்துவிட்டுத்தான் விற்பார்கள். ஒன்பதூரை ஒரு தடவை ருசி பார்த்துவிட்டுக் கொடுங்கள்."

ருசி என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லது. மாம்பழமும் உன் ஊர் இனிப்பும் ஒரே தட்டில் வரட்டும். இரண்டாம் முறை என் கை எதற்கு நீள்கிறதோ, அது வென்றது. உன் இனிப்பு தோற்றால் ஒன்பதூர் போகும்."

"ஒரு விண்ணப்பம், மகாராஜா," என்றார் பிரதானி. "மாம்பழத்துக்குப் பால் வேண்டாம், நெய் வேண்டாம், நறுக்கக் கத்தியும் வேண்டாம். ஒன்பதூர் இனிப்பிலும் பாலும் நெய்யும் சேரக் கூடாது, கத்தி படக் கூடாது. திருட்டுத்தனம் நடக்காதிருக்கச் சபையிலேயே செய்ய வேண்டும்."

"ஒப்புக்கொள்கிறேன்," என்றான் இருளப்பன். "எந்த நாள், மகாராஜா?"

"நீ தயாரானதும் சொல். அதுவரை தோப்புப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். இது ராஜ வாக்கு."

இருளப்பன் வீறாப்பாகத்தான் வெளியே வந்தான். கோட்டை வாசலைத் தாண்டியதும்தான் யோசித்தான். பாலும் நெய்யும் இல்லாமல் இனிப்பு செய்கிறவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள், அவனுடைய அக்கா வெயிலுகந்தாள்.

அவன் ஒன்பதூருக்கு ஓடிப்போய்ச் சொன்ன முழுவதையும் அக்கா கேட்டாள். "பால் கூடாது, நெய் கூடாதுன்னா சொன்னான் அந்தப் பிரதானி? நம்ம வீட்டுல அது ரெண்டும் என்னைக்குலே இருந்துச்சு? கடலையையும் வெல்லத்தையும் கடிச்சுக்கிட்டுத்தான நீயே வளந்த?"

"அதையே ஒண்ணாச் சேத்து ஒரு பலகாரமாப் பண்ண முடியுமாக்கா?"

"முடியும். கடலைக்குள்ளயே நெய் இருக்கு, தனியா எதுக்கு? வெல்லப் பாகுல போட்டுச் சூட்டோட உருண்டை பிடிச்சுட்டா கத்தியும் வேண்டாம். ஆனா இப்ப முடியாது."

"ஏன்? பானை நிறையக் கடலை இருக்கே."

வெயிலுகந்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அது விதைக்கடலைலே. விதைக்கு வச்சத வறுத்துத் தின்ன குடும்பம் உருப்படுமா? ராஜாவே வந்து கேட்டாலும் தர மாட்டேன். ஆடியில விதைச்சு மார்கழியில பிடுங்குவோம். அப்புறம் வா."

இருளப்பன் தலையில் கை வைத்தான். பிறகு, வைத்த கையை மெதுவாக எடுத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். ராஜா நாள் குறிக்கவில்லையே!

ஆனி மாதம் பிரதானி சபையில் கேட்டார்: "விகடகவி தயாரா?"

"மகாராஜா, இன்னும் விதைக்கவே இல்லை."

ஆவணியில் கேட்டார். "இப்போதுதான் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது, மகாராஜா." புரட்டாசியில் கேட்டார். "பூத்திருக்கிறது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கப் போகிறது. அது இறங்கும்போது நாம் அவசரப்படுத்தலாமா?" ராஜா வாக்குக் கொடுத்தவர். மீசைக்குள் சிரித்துக்கொண்டார். தோப்பில் கடைசி மாம்பழம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. பிரதானி பல்லைக் கடித்த சத்தம் அந்தப்புரம் வரை கேட்டதாக வாயில்காவலர்கள் சொல்வார்கள். அவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

மார்கழியில் கடலை பிடுங்கினார்கள். வெயிலுகந்தாள் அதைக் காயவைத்து, மணலில் வறுத்து, தோலைத் தேய்த்து, முறத்தில் புடைத்து, பருப்பைப் பாதி பாதியாக உடைத்தாள். முதல் தடவை பாகைச் சீக்கிரம் இறக்கிவிட்டாள். ருசி பார்த்த இருளப்பனின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு அரை நாழிகை பேச்சு வரவில்லை.

"நீ வாய மூடி இன்னைக்குத்தான் பாக்கேன்," என்று அக்கா சந்தோஷப்பட்டாள். அடுத்த தடவை அவள் கண்ணை நம்பவில்லை, காதை நம்பினாள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துப் பித்தளைத் தட்டில் போட்டாள். 'டங்' என்றது. "இதாம்லே பதம். இது பல்லுல ஒட்டாது."

தை மாதம் சபை கூடியது. நடு மண்டபத்தில் அடுப்பு மூட்டி வெயிலுகந்தாள் உட்கார்ந்தாள். அரண்மனையைப் பார்த்து அவள் மிரளவில்லை. அடுப்பு எங்கே இருந்தாலும் அடுப்புதானே.

முதலில் மாம்பழத் தட்டு வந்தது. தை மாதத்தில் மாம்பழத்துக்குப் பிரதானி எங்கே போவார்? பழச்சாற்றை ஓலைப்பாயில் ஊற்றிக் காயவைத்த வற்றலைக் கொண்டுவந்து வைத்தார். ராஜா இழுத்தார், அது வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. "பிரதானியாரே, இதில் பாதி பாயாக இருக்கிறதே," என்று கீழே வைத்தார்.

"மகாராஜா, இது சூழ்ச்சி! இவன் வேண்டுமென்றே மாம்பழக் காலத்தைக் கடத்திவிட்டான்!"

"ஆமாம்," என்றான் இருளப்பன். "மகாராஜா மாம்பழம் தின்பது இரண்டு மாதம். மிச்சம் பத்து மாதம் தோப்பில் நிழல்தான் கிடைக்கும். ஒன்பதூர்க் கடலை பன்னிரண்டு மாதமும் பானையில் இருக்கும். வருடம் முழுவதும் சோறு போடுகிற மண்ணை வருடம் முழுவதும் வைத்துத்தானே எடை போட வேண்டும்?"

ராஜா யோசித்தார். பிரதானியும் யோசித்தார், வேறு விதமாக. அதற்குள் அடுப்பில் பாகு 'டங்' என்று சொல்லிவிட்டது. வெயிலுகந்தாள் கடலையைக் கொட்டிக் கிளறி, அரிசிமாவு தூவிய பலகையில் சாய்த்தாள். சூடு இருக்கும்போதே உருண்டை பிடித்துவிட வேண்டும். அவள் கையை நனைத்த நேரத்தில் பிரதானி உரக்கக் கூவினார்: "ராஜ போஜனத்துக்கு முன் விருதாவளி!"

விருதாவளி என்றால் ராஜாவின் பட்டங்களையும் நாடு நகரங்களையும் வரிசையாக வாசிப்பது. அது முடியும் வரை சபையில் எல்லோரும் கைகூப்பி நிற்க வேண்டும், விரலைக்கூட அசைக்கக் கூடாது. வெயிலுகந்தாள் அவசரமாக ஒரு வெள்ளைத் துணியைப் பலகைமேல் மூடிவிட்டுக் கை கூப்பினாள். பிரதானி வாசித்தார். ஆறுகளை வாசித்தார், மலைகளை வாசித்தார், குதிரை லாயங்களை வாசித்தார், இழுத்து இழுத்து வாசித்தார். இருளப்பன் பலகையையே பார்த்தான். துணிக்கடியில் பாகு இறுகுகிறது. இனி உருண்டை பிடிக்க முடியாது, கத்தியும் தொடக் கூடாது. ஒன்பதூர் போயிற்று என்றே நினைத்தான். அந்தக் கலக்கத்திலும் ஒன்று அவன் காதில் உறைத்தது. அத்தனை நீளப் பட்டியலில் ஒன்பதூர் இல்லை.

அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பயம் போய்விட்டது.

வாசித்து முடித்த பிரதானி துணிமேல் விரலால் சுண்டிப் பார்த்தார். "கல்! மகாராஜா, ஒன்பதூர்க்காரர்கள் நமக்குக் கல்லைச் சமைத்திருக்கிறார்கள்!"

"கல்லேதான்," என்றான் இருளப்பன் சோகமாக. "ஆனால் சபை நம்ப வேண்டாமா? தங்கள் திருக்கையில் இருக்கும் அந்த வெள்ளிப்பூண் தடியால் ஓங்கி ஒரு போடு போட்டுக் காட்டுங்கள். கல்லானால் இருக்கிறபடியே இருக்கும். நானும் இப்படியே ஊரைப் பார்த்து நடந்துவிடுகிறேன்."

ஐந்து வருட வயிற்றெரிச்சலையும் கைக்குக் கொண்டுவந்து பிரதானி ஓங்கிப் போட்டார். 'கலீர்' என்று மண்டபம் அதிர்ந்தது. வெயிலுகந்தாள் துணியை விலக்கினாள். வாய்க்கு ஒன்றாக, கைக்கு ஒன்றாக, பளபளவென்று துண்டு துண்டாகக் கிடந்தது. வறுத்த கடலையும் வெல்லமும் கலந்த வாசனை எழுந்து சிம்மாசனத்துக்கே போனது.

"மகாராஜா," என்றான் இருளப்பன், "பால் இல்லை, நெய் இல்லை, கத்தி படவில்லை. பிரதானியாரின் தடிதான் பட்டது."

ராஜா ஒரு துண்டை வாயில் போட்டார். 'மொறுக்'. சபை முழுவதும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். கண் மூடியிருக்கும்போதே கை மறுபடி நீண்டது. பிறகு மறுபடி. அதற்குமேல் எத்தனை தடவை என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டு தங்கள் பக்கம் வருமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பதூரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை!" என்றார் ராஜா, வாய் காலியானதும். தம் முத்துமாலையைக் கழற்றி வெயிலுகந்தாளிடம் கொடுத்தார். "இருளப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"மகாராஜாவின் விருதாவளியில் எல்லாச் சீமையும் இருக்கிறது. எங்கள் ஒன்பதூர் மட்டும் இல்லை. ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்."

ராஜாவின் முகம் ஒரு கணம் வாடியது. இத்தனை வருடமாகக் கேட்டும் அவரே அதைக் கவனித்ததில்லை. "இப்போதே சேர்த்தேன். பிரதானியாரே, கடைசி வரியாக அல்ல, முதல் வரியாக வாசியும்!"

சபை திரும்பிப் பார்த்தது. பிரதானி திருமேனிநாதர் இரண்டு கன்னமும் புடைக்க, கண் பிதுங்க நின்றார். அந்தப் பக்கமிருந்து 'மொறுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. "பொறுங்கள், பொறுங்கள், மென்று முடிக்கட்டும்!" என்று தம் பொற்காப்பைக் கழற்றி இருளப்பன் கையில் மாட்டினார். பிரதானி மென்றார், விழுங்கினார், தொண்டையைச் செருமினார்.

"கரிசல் ஒன்பதூர் உடைய மகாராஜா…"

சபை முழுவதும் கைகூப்பி நின்றது. இருளப்பனும் நின்றான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க முடியவில்லை. விருதாவளி முடியும் வரை விரலைக்கூட அசைக்கக் கூடாதே. வெயிலுகந்தாள் மட்டும் சட்டத்தை மீறி, முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். ராஜா அதைப் பார்த்தும் பாராதவராக இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

அந்த ராஜாவின் கோட்டை இன்று எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடலைமிட்டாய் எங்கே என்று கேட்டால் எந்தத் தெருமுனையையும் கை காட்டுவேன்.