மூன்றாம் மாடிப் பரிசோதனை

"ஊரே மெச்சுது மேடம். நீங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

டாக்டர் மாசிலாமணிக்கு ஆதங்கம் தாங்கவில்லை. பின்னே? நாற்பதைத் தாண்டி மாணவராகச் சேர்ந்து, மூன்று வருஷம் பாடுபட்ட ஆராய்ச்சியாயிற்றே.

கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர்களையும், கல்லாவை விட்டு அசையாத முதலாளிகளையும் அழைத்து, சைக்கிள் மிதிக்க வைத்து, இதயத்தைப் பரிசோதித்திருந்தார். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே திடம். உட்கார்ந்தே இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று எழுதிவிட்டார். முதலாளிகள் விடுவார்களா? பொன்னாடையே போர்த்திவிட்டார்கள். அடுத்த வாரம் சென்னை மாநாட்டில் வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவருக்கு வழிகாட்டியான பேராசிரியை தில்லைநாயகி லேசில் யாரையும் புகழ மாட்டார்.

"நாளைக்கு அடுத்த சுற்றுப் பரிசோதனைதானே? மேலே வராதீங்க. படிக்கட்டுக்குக் கீழே உட்காருங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் காலை மாசிலாமணி கடுகடுவென்று கீழே உட்கார்ந்திருந்தார். பரிசோதனை நடப்பது மூன்றாம் மாடியில். லிஃப்ட் படுத்து வெகுகாலம். வெறும் வயிற்றோடு வர வேண்டும், முடிந்ததும் மேலேயே சூடாகப் பொங்கல்.

மூட்டை தூக்குகிறவர்கள் விறுவிறுவென்று ஏறினார்கள். இரண்டு முதலாளிகளும் ஏறினார்கள்.

பிறகு பாத்திரக்கடை முதலாளி சிதம்பரநாதன் வந்தார். முதல் திருப்பம்வரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மெல்ல இறங்கி வந்து பெஞ்சில் சாய்ந்தார்.

ஏன் திரும்பிவிட்டீர்கள் என்று மாசிலாமணி கேட்டார்.

"மூணு மாடி ஏற முடிஞ்சா நான் ஏன் தம்பி டாக்டரைத் தேடி வாரேன்? போன தடவையும் இப்படித்தான் திரும்பிப் போனேன். எங்க தெருவுல பாதிப் பேர் அப்படித்தான்."

மாசிலாமணி சட்டென்று எழுந்தார்.

நேரே மேலே போனார். சென்னைக்குப் போன் போட்டு, தன் கட்டுரையை வாசிக்கப் போவதில்லை என்றார்.

பரிசோதனைச் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். வேர்த்து ஊற்றியது.

கீழே தில்லைநாயகி நின்றிருந்தார்.

"ஏறி வந்தவங்களை மட்டும்தான் மேடம் பார்த்திருக்கேன். ஏற முடியாதவங்க கணக்குலேயே வரலை. இங்க கீழேயே வச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

சிதம்பரநாதன் பதறி எழுந்தார். "என்னம்மா இது, டாக்டரே சுமக்கணுமா?"

தில்லைநாயகி தலை நிமிர்ந்தார்.

"இவர் என் மாணவர், அண்ணாச்சி. சுமப்பார்."