ஆட்டுக்கல் கரட்டுக் காகிதம்

எங்கள் குரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள். தாடி, காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. பெயர் சகாயமேரி. வயது நாற்பதுக்குள். கடை சேலத்தில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில். நான் பக்கத்துச் செருப்புக் கடைக்காரன். அவருடைய சீடர்களில் ஒருவன்.

அவர் எங்களுக்குச் சொல்லித்தருவது ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டு. ஒருவர் எங்கேயாவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைப்பார். அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் ஒரு பக்கமாகப் போடுவார். மற்றவர்கள் கையில் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். வீடு திரும்பி அதே பக்கத்தில் 'கிடைத்தது' என்றோ 'கிடைக்கவில்லை' என்றோ எழுத வேண்டும். அவ்வளவுதான். புதையலும் இல்லை, பூதமும் இல்லை. என் வீட்டுக்காரி 'வேலை மெனக்கெட்டு' என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு டப்பாவுக்கும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்து எடுத்துக்கொண்டு போவோம். அச்செடுப்பது குருவின் கடையில். அவரோ வருகிறவர்களிடமெல்லாம், "எதுக்குங்க காகிதம்? பக்கத்தை முழுசா கருவிக்குள்ளயே ஏத்திக்கலாம்" என்று சொல்லி, ஏற்றியும் கொடுத்துவிடுவார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற குரு.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியண்ணன் வந்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர்களிலேயே மூத்தவர். குருவை 'அம்மிணி' என்று கூப்பிடுகிற ஒரே சீடர். எங்கள் கூட்டத்தில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அவர் பெயரைத் தட்டிப் பார்த்தால் வரிசையாகக் 'கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது'. ஒரு 'கிடைக்கவில்லை' கூட இருக்காது.

கக்கத்திலிருந்த காகிதக் கட்டை மேசையில் வைத்தார்.

"அம்மிணி, என்னையும் காகிதமில்லாத ஆளா மாத்தி விடு. டிக்கெட் கட்டை விட்டு மிஷினுக்கு மாறினவன் நான். பஸ்ஸில முடிஞ்சது மலையில முடியாதா?"

குரு கருவியைக் கணினியில் செருகினார். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் உள்ள போயிருச்சுங்ணா. இடம், பாதை, துப்பு, முன்னாடி போனவங்க எழுதினது, எல்லாம். நீங்க எழுதறதையும் இதுலயே அமுக்கிக்கலாம்."

"ஒண்ணும் விட்டுப்போகாதே?"

"எழுதினது எதுவும் விட்டுப்போகாதுங்ணா."

காகிதக் கட்டைத் தூக்கி மேசைக்கடியில் இருந்த கழிவுப் பெட்டியில் போட்டார் குரு. பெரியண்ணன் சட்டென்று குனிந்து, அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது என்னங்ணா?"

"சும்மா. ஆட்டுக்கல் கரடு."

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பூங்கோதை இறங்கினாள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது, ஊன்றுகோலோடுதான் நடப்பாள். எங்கள் கூட்டத்துக்குப் புதிது. அதுவரை பூங்காவிலும் ஏரிக்கரையிலும் இருந்த டப்பாக்களை மட்டும் எடுத்திருந்தாள்.

"அக்கா, என் கருவியிலயும் ஏத்திக் குடுங்க. ஞாயித்துக்கிழமை மலை ஏறப்போறேன்."

"எந்த மலை?"

"ஆட்டுக்கல் கரடு. படி கிடையாது, சாய்வாத்தான் போகும்னு போட்டிருக்கு. கடைசியா போனவங்க 'சுலபமாகக் கிடைத்தது'ன்னு எழுதியிருக்காங்க. வீட்டுல யாருக்கும் நம்பிக்கை இல்லக்கா. மேல போய் அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அம்மாகிட்டக் காட்டணும். அதுக்கப்புறம் என்னை யாரு தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்."

பேசிக்கொண்டே திரும்பியவள் பெரியண்ணனைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நீங்கதானே பெரியண்ணன்? நீங்க தேடிப் போய்க் கிடைக்காததே கிடையாதாமே! நானும் உங்களை மாதிரி ஆகணும்."

"ஏதோ..." என்றார் அவர். கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

ஏற்றிய கருவியை வாங்கிக்கொண்டு அவள் போனதும் கடையில் அச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. குரு அதையும் நிறுத்தினார்.

"ஆட்டுக்கல் கரட்டுக்குப் போயிருக்கீங்களாங்ணா?"

"போனேன்."

"டப்பா?"

"பொழுது சாயற வரைக்கும் தேடினேன். இல்லை."

"அதை எழுதலையே நீங்க?"

பெரியண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எழுதி என்ன ஆகப்போகுது? கிடைச்சதை எழுதினா பின்னால வர்றவனுக்கு வழி தெரியும். கிடைக்காததை எழுதினா யாருக்கு என்ன லாபம், நீயே சொல்லு. இருக்கறது என் கண்ணுல படாமப் போயிருக்கும். அந்தப் புள்ளைக்கு இளங்கண்ணு, அதுக்குக் கிடைச்சாலும் கிடைக்கும். ஆசையாக் கிளம்பறவகிட்ட நான் ஏன் அபசகுனமாப் பேசணும்?"

உண்மையைச் சொல்ல வேண்டுமே, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். ஓடும் பேருந்தை நிறுத்திப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டவர்.

குரு அவர் கருவிக்காகக் கையை நீட்டினார்.

"நாளைக்கு அரை நாள்தாங்ணா கடை. ஓடைப்பாறை டப்பாவைத் தேடிப் போலாமா? உங்க மிஷினைக் குடுங்க, அந்தப் பக்கத்தையும் ஏத்தித் தர்றேன்."

மறுநாள் மூன்று பேரும் போனோம். ஓடைப்பாறை என்பது வறண்ட ஓடைக் கரையில் குவிந்து கிடக்கும் பாறைகள். வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியண்ணன் கருவியைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"'வந்தோம், குனிந்தோம், கிடைத்தது.' அடேங்கப்பா! 'குழந்தைகூட எடுத்துவிடும்.' இந்தா, அஞ்சு நிமிஷம்."

குரு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். நான் தேடப் போனேன். 'நீங்க உக்காருங்க' என்று கண்ணாலேயே சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

பெரியண்ணன் குனிந்தார். படுத்தார். பாறைச் சந்துக்குள் தோள்வரை கையை விட்டார். முள் கிழித்தது. கல்லைப் புரட்டினார், தேள் ஓடியது. மறுபடி வாசித்தார். மறுபடி குனிந்தார். வேட்டியெல்லாம் செம்மண். முதலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், பிறகு டப்பா வைத்தவனைத் திட்டினார், பிறகு கருவியைத் திட்டினார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கடைசியில் ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாருக்கும் கிடைச்சிருக்கு. எனக்கு மட்டும் கிடைக்கலையே. கண்ணு போயிருச்சுப்பா. வயசாயிருச்சு. இனிமே வீட்டோட கிடக்க வேண்டியதுதான்."

குரு எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் தன்னுடைய கருவியை எடுத்து நீட்டினார்.

அதே ஓடைப்பாறை. அதே பக்கம். ஆனால் மேலே வேறு வரிகள் இருந்தன. 'கிடைக்கவில்லை. மழையில் கரை சரிந்திருக்கிறது.' அதற்கு முன்னால் இன்னொருவர், 'கிடைக்கவில்லை. டப்பா அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.' அதற்கும் முன்னால் இன்னொரு 'கிடைக்கவில்லை'.

பெரியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மிணி! இது என் மிஷின்ல ஏன் இல்லை?"

"நான் எடுத்துட்டேங்ணா."

"எடுத்துட்டியா? தெரிஞ்சே என்னை இந்த வெயில்ல நாயா அலைய விட்டியா? நல்லா இருக்கா உனக்கு? எதை எதை எடுத்தே, சொல்லு."

"நீங்களா இருந்தா எதை எழுதாம விட்டிருப்பீங்களோ, அதை மட்டுந்தாங்ணா."

வேப்பமரத்தில் ஒரு காகம் கத்தியது. பெரியண்ணன் தன் கிழிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளை நாளைக்குப் போகுதே..."

அவசரமாகக் கருவியை எடுத்தார். ஆட்டுக்கல் கரட்டைத் தேடிப் பிடித்தார். கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. அமுக்கிவிட்டார். அவர் வாழ்க்கையின் முதல் 'கிடைக்கவில்லை'.

"கடைக்குப் போனதும் இணையத்துல ஏத்திரு அம்மிணி. அவ பார்த்துக்குவா."

"பார்க்க மாட்டாங்ணா."

"ஏன்?"

"அவளுக்கு நேத்தே ஏத்திக் குடுத்துட்டேன். நேத்து வரைக்கும் எழுதினதுதான் அவ கையில இருக்கும். இனி எழுதறது அவளுக்குப் போய்ச் சேராது."

பெரியண்ணன் கல்லைவிட்டு எழுந்தார்.

"நம்பர் தர்றேன், போன்ல சொல்லிடறீங்களா?" என்றார் குரு.

"வேண்டாம். அவ முகத்தைப் பார்த்துச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கரட்டின் அடிவாரத்துக்கு நாங்கள் முதல் பேருந்திலேயே போய்விட்டோம். குரு வரவில்லை, மாதாகோவில் பூசைக்குப் போய்விட்டார். பெரியண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பூங்கோதை ஆட்டோவிலிருந்து இறங்கினாள். புது ஷூ, தோளில் தண்ணீர், கையில் கருவி.

"ஐயா! நீங்க எங்க இங்க?"

"அம்மா, ஒரு விஷயம். நான் முன்னாடியே இங்க வந்து தேடினேன். எனக்குக் கிடைக்கலை. டப்பா அங்க இல்லைன்னுதான் தோணுது. அன்னிக்கே எழுதியிருக்கணும். எழுதலை. முந்தாநாள் கடையில நீ பேசறப்பவாவது சொல்லியிருக்கணும். வாய் வரலை. என் பேரு கெட்டுப்போயிரும்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்கோ."

பூங்கோதை அவரையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா."

"என்னம்மா?"

"நல்ல வேளை சொன்னீங்க. மேல போய்க் கிடைக்காம இருந்திருந்தா, என் காலாலதான்னு நினைச்சிருப்பேன். எல்லாராலயும் எட்ட முடிஞ்ச இடத்தை என்னால எட்ட முடியலைன்னு. அப்படியே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன். மறுபடி எந்த மலைக்கும் வந்திருக்க மாட்டேன்."

வெயிலில் நேற்று அந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்த பெரியண்ணனை நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

அவளே கேட்டாள். "எங்கெங்க தேடினீங்க, சொல்லுங்க. அந்த இடத்தை விட்டுட்டு மத்த இடத்துல நான் தேடறேன்."

அதற்குப் பிறகு அவர் பேசினாரே! ஆட்டுக்கல் மாதிரிக் குழிந்த அந்தப் பெரிய பாறையின் கிழக்குப் பக்கம் முழுக்க, எலந்தைப் புதருக்கு அடியில், வெடிப்பு ஒவ்வொன்றிலும் என்று கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒரு மனிதர் தன் தோல்வியை இவ்வளவு நுணுக்கமாக, இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று பேரும் ஏறினோம். மெதுவாகத்தான் ஏறினோம். அவள் நின்ற இடத்திலெல்லாம் பெரியண்ணனும் நின்றார், 'முழங்கால் வலி' என்று சொல்லிக்கொண்டு. அவருக்கு முழங்கால் வலி கிடையாது. அவர் தேடாத மேற்குப் பக்கத்தில் அவள் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தாள். உள்ளே டப்பா இருந்ததற்கான துருப்பிடித்த வட்டத் தடம் மட்டும் கல்லில் இருந்தது. டப்பா இல்லை. யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும்.

பூங்கோதை அந்த வெறும் பொந்தின் பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தாள். "இதை அம்மாகிட்டக் காட்டறேன்" என்றாள். பிறகு கருவியை எடுத்து 'கிடைக்கவில்லை' என்று அமுக்கினாள். கூடவே ஒரு வரியும் அடித்தாள்: 'ஆனால் இருந்த இடம் தெரிந்துவிட்டது.'

பெரியண்ணனும் பூங்கோதையும் எழுதிய இரண்டும் அன்றைக்கே இணையத்தில் ஏறின. டப்பா வைத்தவர் தர்மபுரிக்காரர். காணாமல் போனதே தனக்குத் தெரியாது என்றும், சீக்கிரம் புது டப்பாவோடு வருவதாகவும் பதில் போட்டார்.

திங்கட்கிழமை பெரியண்ணன் கடைக்கு வந்தார். கருவியை மேசையில் வைத்தார். அவர் பெயருக்கு நேரே அந்த நீளமான வரிசையின் மேலே ஒரு 'கிடைக்கவில்லை' உட்கார்ந்திருந்தது. அதை எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார், பேரன் வாங்கி வந்த மார்க்கைக் காட்டுகிறவர் மாதிரி.

"இப்ப எல்லாம் உள்ள ஏறிருச்சா அம்மிணி?"

குரு கருவியைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்.

பெரியண்ணன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். சலவைச் சட்டையை மாற்றும்போதும் அந்த ஆட்டுக்கல் கரட்டுத் தாளை மட்டும் எடுத்துப் புதுப் பையில் வைத்திருக்கிறார். வேர்வையில் நைந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. மெதுவாக எடுத்தார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கழிவுப் பெட்டிக்கு நேராக நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டார்.

"இப்ப ஏறிருச்சுங்ணா" என்றார் குரு.