ஐஸ் தொட்டியில் சத்தமாகச் சொல்ல வேண்டும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால், கேட்கிறவர்கள் நாளைக்கே போய் ஐஸில் இறங்குவார்கள். கொஞ்சம் குறைத்துச் சொன்னால், கொர்னேலி டீச்சரைப் பைத்தியம் என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

*

"டீச்சர், முட்டு வலி உயிர் போவுது," என்றேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தரையில உக்காரக் கூடாதுன்னார்."

"பிறகு?"

"தரையில உக்காராம எறால் எப்படி உரிக்க, டீச்சர்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "நெஞ்சு, சுகர் எல்லாம் பார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் சரியா இருக்காம். முட்டுதான் தேஞ்சு போச்சாம்."

கொர்னேலி டீச்சர் என்னைவிட வயதில் இளையவர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்தபின் வேலையை விட்டுவிட்டார். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அவர் வீடு. முற்றத்தில் இரண்டு தொட்டிகள் கிடக்கும். மீன் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். அடியில் தண்ணீர் போக ஒரு துளை, துளைக்கு ஒரு ரப்பர் தக்கை. தினமும் விடிந்ததும் அவர் அதில் ஐஸ் போட்டு இறங்குவார். அதனால்தான் நடக்கிறேன் என்பார்.

அவர் ஒரு ஐஸ் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

"எப்ப விடணும்னு தோணுதோ, அப்ப விடுங்க."

நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. கடைசியில் உள்ளே ஒன்றும் இல்லை.

டீச்சர் என் கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதுதான் அக்கா கஷ்டம்," என்றார்.

*

அவரிடம் இரண்டு சட்டங்கள்தான் இருந்தன. தனியாக இறங்கக் கூடாது. தொட்டியில் இருக்கும்வரை ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"ஜெபம் எதுக்கு டீச்சர்? மாதா சொகம் குடுப்பாளா?"

"சொகம் அவ பாடு. நாக்கு குழறுச்சுன்னா எந்திக்கணும். அது உங்க பாடு."

என்னோடு எறால் உரிக்கிற பவுலினாவும் வந்தாள். அவளுக்கு முதுகு. முதல் நாள் தொட்டியில் கால் வைத்ததும் ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"யக்கா, நம்மள இப்படியே லாரியில ஏத்தி அனுப்பிருவாவளோ?"

"உன்னை யாருட்டி வாங்குவா?"

"ஏன், நல்ல பாரை மீன் மாதிரி இருக்கேன்!"

"கண்ணைப் பாரு, செத்து நாலு நாளான பாரை."

குளிரில் அவளுக்குச் சிரிக்கவும் வரவில்லை. "அருள் நிறைந்த" என்று தொடங்கியவள் "நிர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டே எழுந்து ஓடிவிட்டாள்.

நான் எழவில்லை.

முதலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பிறகு எரிந்தது. பிறகு முட்டு என்ற ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோனது. அன்று எறால் கம்பெனியில் பொழுது சாயும்வரை குந்தி உட்கார்ந்து உரித்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

பொய் சொல்லக் கூடாது. அது உதவியது.

*

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"தொட்டியில இருக்கையில வலி இல்ல. வெளிய வந்து வெயில் பட்டதும் வந்துருது."

"வரணும்."

"ஏன் வரணும்?"

டீச்சர் தன் நீலம் பாய்ந்த கால்விரல்களை வெயிலில் நீட்டினார். அவை மெல்ல மெல்லச் சிவந்தன. அவர் முகம் சுளித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வலி வராமலே இருந்தால் என்ன?

மறுநாளிலிருந்து நான் ஜெபத்தை மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன்.

மனதுக்குள் சொன்னால் எனக்குக் குழறவே இல்லை. எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரு சொல்லும் தப்பவில்லை. பவுலினா எழுந்து, துவட்டி, சூடாக டீ குடித்து முடித்த பிறகும் நான் உள்ளேதான் இருந்தேன்.

"சத்தத்தைக் காணோமே," என்றார் டீச்சர்.

"மனசுக்குள்ள சொல்லுதேன் டீச்சர்."

"மனசுக்கு நாக்கு கிடையாது."

"மாதாவுக்குக் கேக்காதா?"

"மாதாவுக்குக் கேக்கும். எனக்குக் கேக்கணும்."

*

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

அவர் பெயர் ஸ்தனிஸ். தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்காகக் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற போட்டில் டிரைவர். நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். போட்டு கரைக்கு வந்து சேர நாளாகும். அதனால் மீன் போடுகிற ஐஸ் அறையில் அவரைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். தங்கு கடலில் இறந்தவர்கள் அப்படித்தான் வீட்டுக்கு வருவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஐஸ் அறைப் பலகையைத் திறந்து அவரைத் தூக்கியபோது அவர் புருவத்தில் ஐஸ் ஒட்டியிருந்தது. நான் அதை நகத்தால் எடுத்துவிட்டேன்.

"அண்ணன் ஒரு கஷ்டமும் படலை மதினி," என்றார்கள் போட்டுக்காரர்கள். எல்லாரும் அதே சொல்லைச் சொன்னார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதை நான் யாரிடமும் பேசியதில்லை. ஒரு நாள் தொட்டியில் இருந்தபோது வாய் தானாகக் கேட்டது.

"டீச்சர், ஐஸ்ல கிடந்தா ஒண்ணும் தெரியாதுதானே?"

"யாருக்கு?"

நான் மிதந்த ஐஸைக் கையால் விலக்கினேன்.

"யாருக்குக்கா?"

"போட்டுல டாக்டர் கிடையாது டீச்சர். மூக்குல கைவச்சுப் பார்த்துத்தான் உள்ள வச்சிருப்பாவ. ஒருவேளை அப்ப உயிர் இருந்துருந்தா?"

துவட்டிக்கொண்டிருந்த பவுலினாவின் கை நின்றுவிட்டது.

டீச்சர் என் பக்கம் வந்தார். என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். துண்டைப் போர்த்தினார்.

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றார்.

*

மறுநாள் நான் பவுலினாவைக் கூப்பிடாமல் போனேன். டீச்சர் இன்னும் கதவைத் திறக்கவில்லை. ஐஸ் கம்பெனிப் பையன்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்த ஐஸை நானே அள்ளிப் போட்டேன். சேலையைக் கொடியில் போட்டுவிட்டு பாவாடை ரவிக்கையோடு இறங்கினேன்.

வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கு எழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எழக் கூடாது என்றும் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கிடந்த இடத்தில் கிடக்கிறேன் என்று மட்டும் நினைத்தேன்.

கதவு திறந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மிச்சமிருந்த ஐஸை அடுத்த தொட்டியில் கொட்டினார். இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்தார்.

"நேத்து கேட்டியளே. பதில் பார்ப்போம்," என்றார். "நீங்க எந்திச்சா நானும் எந்திக்கேன்."

பிறகு ஜெபத்தைத் தொடங்கினார். சத்தமாக, எனக்குக் கேட்கும்படி.

நான் மனதுக்குள் சொன்னேன். இரண்டு ஜெபமும் கொஞ்ச தூரம் சேர்ந்தே போயின.

பிறகு அவருடையது பின்தங்கியது. ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னார். ஒரு சொல்லை விழுங்கினார். கள் குடித்தவர் பேசுவதுபோல் நாக்கு இழுத்தது.

"டீச்சர், எந்திங்க," என்றேன்.

அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு என்னவோ ஒரு சத்தம்.

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். நீங்க முதலில் என்பதுபோல. அவர் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஐஸ் கலகலவென்றது.

பிறகு அந்தக் கலகலப்பு நின்றது.

ஜெபமும் நின்றது.

*

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கால் மடங்கவில்லை. தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தேன். தவழ்ந்து போய் அவர் மூக்குக்கு நேரே கையை வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

மறு கையை வைத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தேன். விழுந்ததில் என் உள்ளங்கை கிழிந்திருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

இந்தக் கையை வைத்தா மூச்சு பார்த்தேன்?

போட்டுக்காரர்களின் கைகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. பொழுதெல்லாம் ஐஸ் வெட்டுகிற கை, மீன் அள்ளுகிற கை, என் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீண்ட கை.

டீச்சரின் தொட்டிக்கு அடியில் தக்கையைத் தேடினேன். விரல் பிடிக்கவில்லை. குப்புறப் படுத்துப் பல்லால் கடித்து இழுத்தேன். தண்ணீர் என் முகத்தில் அடித்துப் பாய்ந்தது. வடிந்த தொட்டியில், ஐஸுக்கு நடுவில் டீச்சர் கிடந்தார். நான் முகத்தைப் பார்க்காமல் அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். முடியவில்லை. பிறகும் இழுத்தேன்.

என்னைத் தேடி வந்த பவுலினா வாசலில் நின்று "ஏசுவே!" என்று அலறினாள். அப்புறம் அவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. டீச்சரைத் தூக்கி வீட்டுக்குள் போட்டு, ஈரத் துணியைக் கழற்றி எறிந்து, போர்வையில் சுற்றித் தன் உடம்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சாட்டி? சாவுறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்களேன்!" என்று அழுதுகொண்டே ஏசினாள். ஏசிக்கொண்டே என் மேலும் ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து டீச்சரின் தாடை ஆடியது. பல்லோடு பல் அடிக்கத் தொடங்கியது.

உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

*

வெயில் முற்றத்துக்கு வந்தபோது அவருக்குப் பேச்சு வந்தது.

"அக்கா. கைவச்சுப் பார்த்தியளா?"

"பார்த்தேன்."

"மூச்சு இருந்துச்சா?"

"தெரியலை டீச்சர். கை மரத்துப்போய்க் கிடந்துச்சு."

"அப்ப, அவருக்கு?"

"அதுவும் தெரியலை. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

டீச்சர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தெரியாம எதுக்கு என்னை வெளிய இழுத்தீய?" என்றார்.

நான் எழுந்தேன். கிழிந்த உள்ளங்கை எரியத் தொடங்கியிருந்தது. விரல் ஒவ்வொன்றும் தெறித்தது. முட்டு பழையபடி வலித்தது. நொண்டிக்கொண்டே முற்றத்துக்குப் போனேன்.

என் தொட்டி அப்படியே நிறைந்து நின்றது. ஐஸ் இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

குனிந்து, கையாலேயே, தக்கையைப் பிடுங்கினேன். கொடியில் கிடந்த என் சேலையை எடுத்து, முந்தியில் அந்தத் தக்கையை இறுக்கி முடிந்துகொண்டேன்.